கன்றுக்குட்டி நக்கிய பலகை

கும்மிடிப்பூண்டியில் நான் இருந்தபோது அங்கே ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் பனை, முட்செடி, அவ்வளவுதான். ரயில் பாதைக்கு ஜல்லி கொட்டும் கூட்டத்தில் கூலியாக இருந்தேன். பகலெல்லாம் வேலை, சாயங்காலம் கஞ்சி, அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் கிடையாது. பாதையோரமாக நடந்துபோய் ஏதாவதொரு தந்திக் கம்பத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளே ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். காற்று கம்பியை அதிரவைக்கிறது, அந்த அதிர்வு கம்பத்தில் இறங்குகிறது, அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், யாரோ யாரிடமோ பேசிக்கொண்டே வடக்கே போகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வேன். கூட இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பிறகு தனியாக வந்து காது வைத்துப் பார்த்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோயிற்று. யுத்த காலத்தில் ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்குத் தண்ணீர் சுமந்தேன். வயர்லெஸ் கூடாரத்துக்கும் தண்ணீர் வேண்டுமல்லவா. குடத்தை இறக்கிவிட்டு நின்று பார்ப்பேன், துரத்தினால் போவேன். யுத்தம் முடிந்தபின் மூர் மார்க்கெட்டில், பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களை விற்கும் கடை ஒன்றில் வால்வு, கண்டென்சர், கம்பிச்சுருள் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கும் வேலை கிடைத்தது. கூலி பாதி காசாகவும் பாதி சாமானாகவும் வந்தது. அந்தச் சாமான்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன். பட்டினி கிடந்த நாட்களில்கூடப் பெட்டியை விற்கத் தோன்றவில்லை. வாங்குவதற்கு ஆள் இருந்ததாகவும் நினைவில்லை.

கும்மிடிப்பூண்டிக்குப் பிறகு கொஞ்ச காலம் பழவேற்காட்டில் ஒரு கருவாட்டு வியாபாரியிடம் மூட்டை தூக்கினேன். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. நல்ல மனிதர். நல்ல மனிதரிடத்திலும் என்னால் நிலைத்திருக்க முடியாது. ஒரு நாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிட்டேன். காரணம் என்று ஒன்றும் இல்லை. காற்று மேற்கே அடித்தது, நானும் அந்தப் பக்கம் நடந்தேன்.

திருவள்ளூர் கோர்ட்டு வராந்தாவில்தான் பிற்பாடு என் சிநேகிதனானவனை முதலில் பார்த்தேன். வெயிலுக்கு ஒதுங்கப் போயிருந்தேன். பெரியபாளையத்துப் பக்கம் நெல் வயல் வைத்திருப்பவன் அவன். பங்காளியோடு வரப்புத் தகராறு, அந்த வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்களெல்லாம் வக்கீல் வருகிறாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் பேனாக்கத்தியால் ஒரு கொய்யாக் கட்டையைச் சீவிக்கொண்டிருந்தான். அகப்பை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. போன வாய்தாவுக்குப் பிடியைச் செதுக்கினானாம், இந்த வாய்தாவுக்குக் குழியைக் குடைகிறானாம். வழக்கு முடிவதற்குள் ஒரு கட்டிலே செய்துவிடுவேன் என்றான். என் பெட்டியைத் திறந்து காட்டினேன். வால்வு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்த வச்சிக்கினு இன்னாடா பண்றே?" என்றான். ரேடியோ செய்யலாம், ஆனால் செய்ய இடம் வேண்டும், மரம் வேண்டும் என்றேன். அன்றைக்கே அவனோடு வண்டியேறிவிட்டேன்.

அவன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பாதி மாடுகளுக்கு, பாதி அவனுக்கு. பரம்பரைத் தச்சன் இல்லை அவன். உழுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் மரத்தோடு கிடப்பான். ரம்பம், உளி, இழைப்புளி, கையால் சுற்றித் துளைபோடும் துரப்பணம் எல்லாம் சுவரில் முறைப்படி தொங்கும். வைக்கோல் வாசனை, சாண வாசனை, மரத்தூள் வாசனை எல்லாம் கலந்து ஒரு தினுசாக இருக்கும். நான் செம்பு முனை வைத்த இரும்பைக் கரியடுப்பில் காய்ச்சி ஈயம் பற்றவைக்கும்போது எழும் புகைக்கு மாடுகள் மட்டும் தும்மும். எங்களுக்குப் பழகிவிட்டது.

முதலில் நாங்கள் செய்த பெட்டி, ஒரு பலாப் பலகையின்மேல் வால்வு இரண்டு, கம்பிச்சுருள் ஒன்று, குமிழ் இரண்டு. பட்டாளத்து ஹெட்போன் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஒரு காது செத்துப்போயிருந்தது, அதனால்தான் என் கூலிக்கு வந்தது. உயிரோடிருந்த காதை நடுவில் வைத்து நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் தலையை முட்டிக்கொண்டு கேட்போம். மாசிப் பனி விலகாத காலைகளிலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் அந்தச் சின்னத் தகட்டுக்குள் என்னென்னவோ வந்துபோகும். தெரியாத பாஷையில் ஒருவர் கோபமாகப் பேசுவார். ஒரு பெண் சிரிப்பாள். நடுவில் ஓர் ஊளை, பிறகு மணல் சரிகிற மாதிரி ஓசை, அதற்குள்ளிருந்து ஒரு வயலின் மெல்ல மேலே வந்து, மறுபடி மூழ்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டால் கொட்டகை நகர்வது போலிருக்கும். மாடுகள் அசைபோடும் சத்தமும் உலகத்தின் சத்தமும் ஒன்றாகிவிடும். வெளியே ஆரணியாறு வறண்டு, வெறும் மணலாகக் கிடக்கும். அந்த மணலே கிழக்கே போய்ப் பழவேற்காட்டுக் கடலில் முடிகிறது என்று அவன் ஒருமுறை சொன்னான். அதன்பிறகு எனக்கு ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் கடல் சத்தம் கேட்டது.

அந்தப் பெட்டியில் ஒரு குறை உண்டு. குமிழிலிருந்து கையை எடுத்தால் நிலையம் நழுவிவிடும். கையும் அந்த மின்சாரத்தில் ஒரு சாமான் மாதிரி சேர்ந்துகொள்கிறது. கேட்கிறவரையில் ஒருவர் குமிழைப் பிடித்தபடியே இருக்கவேண்டும். பிற்பாடு அதற்கு வழி தெரிந்தது, அப்போது தெரியவில்லை.

பக்கத்து ஊரான ஆரணியின் சந்தையில் பாயைத் திரும்பப் பார்த்தேன். கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர், "இன்னா தம்பி, மூட்டைய போட்டுட்டு ஓடிப்போனவன் இங்க இன்னா பண்ணிக்கினுகீறே?" என்றார்.

"ரேடியோ பண்றேன் பாய்."

"எதால, வாயாலயா?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, கூடையை நகர்த்தி எனக்கு உட்கார இடம் கொடுத்தார். அவர் சொன்னது இதுதான்.

அவருடைய தங்கை வீட்டுக்காரர் கொழும்பில் கடை வைத்திருந்தார். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோவார். பாஸ்போர்ட்டு, விசா என்று வந்தபிறகு, இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் திரும்பப் போகமுடியுமோ முடியாதோ என்று வருகை நின்றுபோயிற்று. கடையை விட்டால் சோறில்லை. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. அங்கே இன்னொரு குடும்பம் வைத்துவிட்டார் என்று ஊரில் சிலர் பேச ஆரம்பித்திருந்தார்கள். அது தங்கையின் காதுக்கும் போயிருந்தது. இந்தச் சமயத்தில் கொழும்பிலிருந்து திரும்பிய உறவுக்காரர் ஒருவர் ஒரு சேதி கொண்டுவந்தார். பெருநாள் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொழும்பு ரேடியோவில் நேயர்களுக்காகப் பாட்டுப் போடும் நேரத்தில், இன்னாருக்காக என்று தங்கையின் பெயரைச் சொல்லி ஒரு பாட்டு வைப்பார்கள், அதற்கு அவர் ஏற்பாடு செய்திருக்கிறார், எப்படியாவது கேட்கச் சொல் என்று.

"எங்க ஊட்ல புருசன் பொஞ்சாதிய பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க தம்பி," என்றார் பாய். "நிக்காஹ் அன்னிக்கி சொன்னதுதான். அப்பறம் இந்தா, இங்க பாரு, அவ்ளோதான். இப்ப அந்தாளு ஊரு ஒலகத்துக்கே கேக்க அத்த சொல்ல வைக்கிறாரு."

பொன்னேரியில் ரேடியோ இருக்கும் வீடு ஒன்று உண்டு. பாய் அங்கே போய்க் கேட்டுவந்து சொல்வதாகச் சொன்னாராம். தங்கை அதற்கு, "என் பேர நீ கேட்டுக்கினு வந்து எனக்கே சொல்லுவியா?" என்று கேட்டாராம்.  கடையில் ரேடியோ வாங்கும் நிலையில் வியாபாரமும் இல்லை.

அடுத்த சந்தைக்குப் பாய் ஒரு பலகையை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் வாப்பாவின் தோணி உடைந்தபோது எடுத்துவைத்த மரம். உடைந்த தோணியின் மரத்தை அடுப்பில் வைப்பதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கதவாகவோ அலமாரியாகவோ அது வீட்டுக்குள் வந்துவிடும். தங்கையின் வீட்டுக்காரர் முதன்முதலாகக் கொழும்புக்குப் போனது அந்தத் தோணியில்தானாம். அதனால் ரேடியோவை இந்த மரத்தில்தான் செய்யவேண்டும் என்று தங்கை சொல்லி அனுப்பியிருந்தார்.

என் சிநேகிதன் அந்தப் பலகையைக் கண்டதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கையால் தடவினான், முகர்ந்தான், விரல் மடக்கித் தட்டிப் பார்த்தான். மேல்தோல் சாம்பல் நிறமாக இருந்தது. இழைப்புளி ஒருமுறை ஓடியதும் உள்ளே தேன் நிறம் வந்தது. "கடல்லயே கெடந்த மரம்டா. இனிமே இது வளையாது, பூச்சி வைக்காது. இதுக்கு மேல இன்னா வோணும் உனக்கு?" என்றான்.

எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. வால்வும் கம்பிச்சுருளும் உட்காரும் அடிப்பலகையை எபனைட்டு என்கிற கறுப்புக் கெட்டி ரப்பர்த் தகட்டில் செய்யவேண்டும் என்பது நான் பட்டாளத்துப் பெட்டிகளில் பார்த்தது. என்னிடம் அந்தத் தகடு கொஞ்சம்தான் இருந்தது. பலாப் பலகை வேலை செய்ததே, இது ஏன் செய்யாது என்று அவன் கேட்டான். அதோடு அவனுக்கு ஒரு கொள்கை. மேலே நல்ல மரம் வைத்து உள்ளே வேறொன்றை வைப்பது அவனுக்குப் பிடிக்காது. "மேல ஒண்ணு உள்ள ஒண்ணா? அது ஏமாத்து வேலடா. அந்தம்மா இந்த மரத்துலதான் வோணும்னு சொல்லிகீறாங்க, முழுசும் இதுதான்." நானும் சரி என்றேன். கம்பி சுற்றும் மூங்கில் குழாயை மட்டும் ஈரம் ஏறாமல் மெழுகில் காய்ச்சி எடுத்தேன். பலகைக்கும் மெழுகு பூசலாமா என்று கேட்டபோது, நான் ஏதோ அதன் முகத்தில் சேறு பூசக் கேட்டதுபோல் பார்த்தான்.

அது சித்திரை வைகாசி வெயில். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடந்தது, அவனும் வயலை மறந்து பெட்டியில் இறங்கிவிட்டான். மூலைகளை ஆணியில்லாமல் பல்லும் பல்லுமாகக் கோத்தான். முன்பக்கத்தில் வால்வின் வெளிச்சம் தெரிய வட்டமாக ஒரு துளை போட்டு, குமிழ்களையும் அதே மரத்தில் கடைந்தான். அந்த நாட்களில் இழைப்புளியின் இரும்பு ஒரே ராத்திரியில் துருவேறிப்போவதை இரண்டு மூன்று தடவை சொல்லித் திட்டினான். எண்ணெய் தடவிவைத்துவிட்டு மறந்துவிட்டோம்.

இன்னொன்றும் நடந்தது. கொட்டகையில் ஒரு கன்றுக்குட்டி இருந்தது. இழைத்த மரச்சுருள்களை அது தேடித்தேடித் தின்றது. பலகையைச் சாத்திவைத்தால் கயிறு எட்டும் தூரம்வரை இழுத்து வந்து நக்கிக்கொண்டு நிற்கும். அதன் நாக்கு பட்ட இடம் பளபளவென்று ஈரமாக இருக்கும். சிநேகிதனின் மனைவி தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வரும்போதெல்லாம் இதைப் பார்ப்பார். "அந்தப் பாயம்மாவுக்கு இன்னா சொல்லுவீங்க? ரேடியோவ கன்னுக்குட்டி தின்னுட்ச்சின்னா?" என்பார். பலா மரத்தை இது ஏறெடுத்தும் பார்க்கவில்லையே என்று அவரே ஒருமுறை கேட்டார். நல்ல மரம் எது என்று கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரிகிறது என்று அவன் பதில் சொன்னான். மூன்று பேரும் சிரித்தோம்.

பெட்டி தயாரானது. விளக்கு வைக்கிற நேரத்தில் கொழும்பு அப்படியே பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி வந்தது. சிநேகிதன் ஹெட்போனை மனைவிக்குக் கொடுத்தான். அவர் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, அந்தம்மா கொடுத்துவைத்தவர் என்று மட்டும் சொன்னார்.

பெருநாள் முடிந்து சனிக்கிழமை, பெட்டியை வைக்கோலில் பொதிந்து, கருவிகளையும் மிஞ்சிய மரத்தையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு, பொன்னேரி வரை மாட்டு வண்டியிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோனோம். பேட்டரியை நான் மடியிலேயே வைத்திருந்தேன். அது தீர்ந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை. பாய் வீட்டுத் தென்னை மரங்களுக்கிடையே நாங்கள் ஏரியல் கம்பி கட்டுவதைப் பார்க்க முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் கூடியிருந்தார்கள். ஹெட்போனைப் பார்த்து, அதில் ஒரு காதுதான் பேசும் என்பதையும் கேட்டதும் பாயின் முகம் மாறிவிட்டது.

"ஒரே ஒரு காதுக்கா? இதுக்கா தென்ன மரம் மேலல்லாம் கம்பி கட்டிகினுகீறீங்க?"

கூட்டம் சிரித்துக் கலைந்தது. உள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித் திரை தொங்கியது. பாயின் தங்கை அதற்கு அந்தப் பக்கம் இருந்தார். நான் அந்த வீட்டில் மூட்டை தூக்கிய நாட்களிலும் அவரைப் பார்த்ததில்லை. ஹெட்போன் கம்பியை நீளமாக ஒட்டவைத்துத் திரைக்குக் கீழே தள்ளினேன். ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது. கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது.

ஆக, பெட்டியைப் பிடித்திருப்பவன் நான். எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்பவர் திரைக்குப் பின்னால். நான் குமிழைத் திருப்ப, அவர் என்ன கேட்கிறது என்று சொல்லவேண்டும். நாளைக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று அன்று சாயங்காலம் உட்கார்ந்தோம்.

"மழை பெய்ற மாதிரி கேக்குது தம்பி," என்றார். குரல் தாழ்ந்து, தெளிவாக இருந்தது. நான் திருப்பினேன். "மழைதான்." இன்னும் திருப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அதுவும் இல்ல," என்றார்.

பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். வால்வுகளை மாற்றி வைத்தேன். ஏரியலை இன்னொரு மரத்துக்கு இழுத்தோம். ஒன்றும் வரவில்லை. இருட்டியதும் பாய் எழுந்துபோய்விட்டார். தங்கை மட்டும் திரைக்குப் பின்னால் அப்படியே இருந்தார் என்பது, எழுந்துபோகும் சத்தமே இல்லாததிலிருந்து தெரிந்தது.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்தோம். தரைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. உச்சிவேளையில் மாட்டிப் பார்த்தால் உயிர் வந்துவிட்டது. ஏதோ ஒரு நிலையத்தில் பிரார்த்தனைப் பாட்டு தெளிவாகக் கேட்டது. வழியில் ஈரம் பட்டிருக்கும், காய்ந்துவிட்டது என்று சிநேகிதன் தைரியம் சொன்னான். பாய் வீட்டில் எங்களுக்கு நெய்ச்சோறு போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கடல்காற்று திரும்பிவிட்டது. ஏரிப் பக்கமிருந்து பிசுபிசுவென்று வந்தது. சட்டை முதுகில் ஒட்டியது. பெட்டியில் மறுபடி மழை, பிறகு அதுவும் இல்லை.

கொழும்பு வருவதற்கு பிற்பகல் தொழுகையான அஸர் முடிந்து கொஞ்ச நேரம் போகவேண்டும். அதுவரைதான் நேரம்.

அடிப்பலகையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. மரத்தின் மேல் மட்டும் ஒரு மெல்லிய ஈரப் பளபளப்பு. இந்தப் பளபளப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று யோசித்தபோது கன்றுக்குட்டியின் நாக்கு வந்தது. பலாவைத் தொடாமல் இதை மட்டும் தேடித்தேடி நக்கிய நாக்கு. தினமும் துருவேறிய இரும்பு.

நான் குனிந்து பலகையை நக்கிப் பார்த்தேன். பிறகு அவனிடம் நீட்டினேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு அவனும் நக்கினான்.

"உப்புடா," என்றான்.

அந்த நேரத்தில் பாய் உள்ளே வந்தார். இரண்டு பேரும் ரேடியோவை நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "வெயில்ல ரெண்டு பேருக்கும் பேஜாராயிட்ச்சா?" என்றார்.

அவருக்குச் சொன்னேன். கடலில் கிடந்த மரத்தில் உப்பு ஊறியிருக்கிறது. பெரியபாளையத்து வெயிலில் அது காய்ந்து சும்மா இருந்தது. இங்கே காற்றில் ஈரம் வந்தால் உப்பு அதை இழுத்துக்கொள்கிறது. ஈரமான உப்பில் மின்சாரம் ஓடும். கம்பியில் போகவேண்டியது மரத்தில் கசிந்துவிடுகிறது. பாய் கருவாட்டு வியாபாரி. மழைக்காலத்தில் உப்பு மூட்டை தண்ணீர் விடுவது எனக்குத் தெரியாதா என்று மட்டும் சொன்னார்.

எபனைட்டுக்கு மூர் மார்க்கெட் போகவேண்டும். பதிலாக என்ன என்று யோசித்தபோது, பட்டாளத்தில் சுவிட்சுகள் ஒரு கறுப்புக் கல் பலகையில் மாட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. அதே மாதிரிக் கல்லில்தான் சிலேட்டும் செய்கிறார்கள். கடைத்தெருவுக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் சிலேட்டைக் கையில் எடுத்தது அப்போதுதான்.

சிநேகிதன் அதன் சட்டத்தைக் கழற்றினான். நான் பல்பத்தால் குறி வைத்த இடங்களில் தண்ணீர் சொட்டுவிட்டுத் துரப்பணத்தை மெதுவாகச் சுற்றினான். வேகமாகச் சுற்றினால் கல் பிளந்துவிடும். நான் அடுப்பில் இரும்பைக் காய்ச்சி, மரத்திலிருந்து கழற்றிய ஒவ்வொன்றையும் கல்லின்மேல் மாட்டிப் பற்றவைத்தேன். எந்தக் கம்பியும் மரத்தைத் தொடாமல் தூக்கிக் கட்டினேன். மேலே ஒன்று உள்ளே ஒன்று என்று ஆகிவிட்டதே என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனோ தோணிப் பலகையில் மிஞ்சியிருந்த துண்டைச் சீவி, சிலேட்டைச் சுற்றி ஒரு சட்டமாகப் பொருத்தினான். அந்த அவசரத்திலும் மூலைகள் பல்லும் பல்லுமாக உட்கார்ந்தன.

பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்பும்போது பெட்டியை மூடினோம். கடல்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. திரைக்குக் கீழே ஹெட்போன் போயிற்று. நான் குமிழைப் பிடித்தேன்.

"மழை," என்றார். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு உயிர் வந்தது. மழை இருந்தால் பெட்டி உயிரோடிருக்கிறது. மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். "யாரோ ஊதுறாங்க... இப்ப இந்திப் பாட்டு... போயிட்ச்சு... இன்னும் கொஞ்சம் தம்பி... கொஞ்சம்... வந்துது. தமிழ்ல பேசுறாங்க. அங்கயே விடுங்க."

விட முடியாது என்று அவருக்குத் தெரியாது. கையை எடுத்தால் நழுவிவிடும். அப்படியே பிடித்தபடி மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் எனக்கு எதிரே கோரைப்பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். சிநேகிதன் சுவரோரம். எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது காற்றில் தென்னை ஓலை உரசுவதும், தெருவில் ஒரு சேவல் கூவுவதும் மட்டும். ஒரு முழு உலகமும் அந்தக் கம்பி வழியே எங்களைக் கடந்து திரைக்குள் போய்க்கொண்டிருந்தது. தந்திக் கம்பத்தில் காது வைத்தபோதாவது ஏதோ ஒரு ரீங்காரம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆனால் அன்றைக்குக் கேட்டதைவிட அதிகம் கேட்கிற மாதிரி இருந்தது. விரல்களுக்கிடையே எங்கோ தூரத்து ஊரின் தெருக்கள், கடைகள், கப்பல் துறை எல்லாம் மிதப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பாய் பொறுக்காமல், "இன்னா சொல்றாங்கம்மா?" என்றார்.

"பேருங்க படிக்கிறாங்க."

பிறகு பாட்டு ஓடியிருக்கவேண்டும், இன்னொரு பாட்டும் ஓடியிருக்கவேண்டும். என் தோள் மரத்துப்போயிற்று. பேட்டரி இளைத்தால் குரல் தேய்ந்துபோகும். அவர் சொல்வாரா, அதுதான் விதி என்று சும்மா இருந்துவிடுவாரா என்றெல்லாம் யோசித்தேன்.

வளையல் சத்தம் ஒருமுறை கேட்டது. அப்புறம்,

"வந்துச்சு," என்றார்.

பாய் எழுந்துவிட்டார். "சரியா கேட்டியா? உன் பேருதானா?"

"என் பேரு சொன்னாங்க. வாப்பா பேரும் சொன்னாங்க. ஊரும் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அவரு பேரயும் சொன்னாங்க. ரெண்டு பேரயும் சேத்து."

பாய் மறுபடி உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாட்டு என்ன பாட்டு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"தம்பி, இதுல நாம பேசினா அங்க கேக்குமா?"

"கேக்காதுக்கா," என்றேன். "இதுக்குக் காது மட்டும்தான் கீது. வாய் இல்ல."

"அப்ப சரி," என்றார்.

 பிறகு அவர் பேச ஆரம்பித்தார். எங்களிடம் இல்லை. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, நடுவில் ஒருமுறை லேசாகச் சிரித்தும் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்க நான் முயலவும் இல்லை. பாய் திரையைப் பார்க்காமல் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிநேகிதன் என் கையைப் பார்த்தான். நான் இன்னமும் குமிழைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.  அவன் பக்கத்தில் நகர்ந்துவந்து காதோடு காதாக, "பாட்டுதான் முடிஞ்சிருக்கும்டா. கைய எடேன்," என்றான்.

எடுத்தால் கொழும்பு நழுவிவிடும்.

"இரு," என்றேன். "அவங்க பேசிக்கினுகீறாங்க."